மேடையில் ஒருவர், வட்டத்தில் ஒருவர்

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென்று அரசு அறிவித்த பட்டியல் சாதி ஒன்றுகூட இல்லை. பட்டியல் பழங்குடிகள் ஆறு: அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென். இந்த ஆறுக்கு வெளியே யார் வாழ்ந்தாலும் தீவின் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ராமநாதபுரத்துச் சேரியிலிருந்து கப்பலேறி வந்தவரின் பேரனுக்கும், சோட்டா நாக்பூர் முண்டா கிராமத்திலிருந்து வந்தவரின் பேத்திக்கும் இங்கே ஒரே நிலைதான். முன்னவரின் குடும்பம் பிறப்பின் பெயரால் பட்ட அடிக்கும் இங்கே பெயரில்லை, பின்னவரின் குடும்பம் பிறப்போடு கொண்டிருந்த உரிமைக்கும் பெயரில்லை.

இதைப் பாராடாங்கில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் கிடக்கும் தீவு அது. போர்ட் பிளேரிலிருந்து வருபவர்கள் ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காத்துக்கிடந்து, காவல் வண்டியின் பின்னால் வரிசையாக ஜாரவா பழங்குடிக் காப்புப் பகுதியைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் படகேறி, எதிர்க்கரையில் நீலாம்பூரில் இறங்குகிறார்கள். சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் அன்றே திரும்பிவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களை அவர்கள் பார்ப்பதில்லை. ஊர்க்காரர்களில் கணிசமானவர்களைத் தீவு முழுக்க ‘ராஞ்சிக்காரர்’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். முண்டா, உராவ், காடியா என்று தனித்தனி மொழியும் குலமும் கொண்ட மக்கள், ஆளெடுத்த ஊரின் பெயரால் ஒரே கூட்டமாக்கப்பட்டார்கள். 1918 முதல் ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியாகக் காடு வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொண்ட பலர், பிற்கால அரசுக் கோப்புகளில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. ராஞ்சிக்காரர்களின் பொதுமொழியான சாத்ரியைச் சொன்னவர்கள் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

இந்த இரு மக்களின் தாய்நிலங்களிலிருந்தும் ஒவ்வொரு பாடகரை எடுத்து இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் கே. ஏ. குணசேகரன், இன்னொருவர் ராம் தயாள் முண்டா. இருவரும் பாடகர்கள். இருவரும் பாட்டுக் கட்டியவர்கள், பாட்டுத் திரட்டியவர்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். தங்கள் மக்களின் பாட்டைப் பொழுதுபோக்குக்கு மட்டும் விட்டுவிட இருவருக்கும் மனமில்லை. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஒருவரின் பாட்டு முகம் திருப்பி நின்ற திசை வேறு, மற்றவரின் திசை வேறு. அந்த வேற்றுமையைப் புரிந்துகொள்ளப் பாராடாங்கைப்போல உதவும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குணசேகரன் 1955-ல் இளையான்குடிக்குப் பக்கத்து மாரந்தையில் பிறந்தார். இன்று அது சிவகங்கை மாவட்டம், அன்று ராமநாதபுரம். வறண்ட பூமி. ‘வடு’ என்ற அவருடைய தன்வரலாற்றைக் காலச்சுவடு 2005-ல் வெளியிட்டது. 2009-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. தமிழில் தலித் தன்வரலாறு என்ற வகைக்கு வலுச் சேர்த்த நூல்களில் அதுவும் ஒன்று. அந்தப் புத்தகத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி வன்கொடுமை பற்றியது அன்று. சாதி இந்துக்களின் தெருக்களில் ஒவ்வொரு அடிக்கும் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வியைச் சுமந்த ஒரு சிறுவன், இளையான்குடி இஸ்லாமியர்களின் நடுவே அந்தக் கேள்வியில்லாமல் பழக முடிந்ததை நன்றியோடு நினைவுகூர்கிறான். கேள்வி கேட்கப்படாத இடத்தில் உடம்பே வேறு விதமாக நடமாடுகிறது என்பதை அவன் சின்ன வயதிலேயே அறிந்திருந்தான்.

அந்தமானுக்கு வந்த தமிழர்களில் பலர் சொல்வதும் இதுதான்: இங்கே யாரும் சாதி கேட்பதில்லை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கைதிகளின் வழிவந்த ‘லோக்கல் பார்ன்’ சமூகத்தில் சாதியும் மதமும் கடந்த மணங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே நடந்தன. கடல் தாண்டி வந்தவர்களுக்குப் பழைய ஊரின் தெருவமைப்பைத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. குணசேகரன் இங்கே பிறந்திருந்தால் ‘வடு’ என்ற புத்தகம் எழுதப்பட்டிருக்காது. அப்போது பாட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அவர் பாட்டு ஒரு எதிராளியை வைத்துக்கொண்டு பிறந்த பாட்டு. ‘தன்னானே’ கலைக்குழுவோடு இடதுசாரி மேடைகளிலும் பின்னர் தலித் இயக்க மேடைகளிலும் அவர் பாடியபோது, கேட்பவர்களின் கூட்டத்துக்குள் இருவகை ஆட்கள் இருந்தார்கள்: அடிபட்டவர்கள், அடித்தவர்களின் பக்கத்தில் பிறந்தவர்கள். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழ்நாடு குணசேகரனின் மெட்டிலும் குரலிலும்தான் கேட்டுப் பழகியது. 1968 கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் போன பிறகு தமிழில் எத்தனையோ கவிதைகள் வந்தன. படித்தவர்கள் படித்துவிட்டு மூடிவைக்கும் கவிதைக்கும், பள்ளிக்கூடம் போகாதவரும் தொண்டை கிழியப் பாடக்கூடிய பாட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அந்த மெட்டு கடந்தது. கீழக்கரையில் பிறந்த கவிஞரும் மாரந்தையில் பிறந்த பாடகரும் சேர்ந்து செய்த காரியம் அது. அம்ஷன் குமார் 2017-ல் எடுத்த திரைப்படம், இறந்தவரைப் பொதுப்பாதையில் எடுத்துச்செல்ல ஒரு தலித் குடும்பம் நடத்தும் போராட்டத்தைப் பேசியது. அதற்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார்கள். எழுதி எத்தனையோ ஆண்டுகளாகியும் பாட்டுக்கு வேலை தீரவில்லை.

குணசேகரனின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் இசையைக் கொண்டு யாரையும் மயக்க முயன்றதில்லை. நாட்டுப்புறப் பாட்டின் இழுவையையும் கேவலையும் அவரால் அருமையாகக் கொண்டுவர முடியும். ஆனாலும் சொல் தெளிவாக எதிரே இருப்பவரின் காதில் போய்ச் சேரவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் ஒவ்வொரு பாட்டிலும் தெரியும். பதில் கேட்கும் பாட்டு அது. நாடகத்துக்கு அவர் போனதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். ‘பலி ஆடுகள்’ தமிழ்த் தலித் நாடகத்தின் தொடக்கமாகப் பலரால் குறிப்பிடப்படும் படைப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் அவர் பேராசிரியராக இருந்தார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியிலும் அமர்ந்தார். 2016 ஜனவரியில் காலமானார்.

ராம் தயாள் முண்டா 1939-ல் ராஞ்சிக்குத் தென்கிழக்கே தமாட் பகுதியின் தியூரி கிராமத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு அவரைக் கூண்ட்டிக்குக் கொண்டுபோனது. பிர்சா முண்டா வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ந்த நிலம் அது. ராஞ்சியில் மானுடவியல் படித்து, அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகம் போய் முண்டா மொழிகளில் ஆய்வு செய்தார். பிறகு அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அங்கேயே இருந்திருக்கலாம். 1980-களின் தொடக்கத்தில் ராஞ்சிக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழிகளுக்கான துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, குடுக், காடியா, நாக்புரி, குர்மாலி, கோர்ட்டா, பஞ்ச்பர்கனியா என ஒன்பது மொழிகள். அதுவரை பெரும்பாலும் வயல்வெளியிலும் சந்தையிலும் பேசப்பட்ட மொழிகளில் முதுகலைப் பட்டம் வாங்க முடிந்தது. நாக்புரி என்பது பாராடாங்கில் சாத்ரி என்று வழங்கும் அதே மொழிதான். தீவுக்கு ஆளெடுத்துப்போன ஊரில், ஆளாகப் போனவர்களின் மொழிக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் கதவு திறந்தவர் முண்டா.

1980-களின் நடுவில் அவர் ராஞ்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். நகாரா முரசை அடித்துக்கொண்டு மாணவர்களோடு ஆடும் துணைவேந்தர். வசந்தத்தில் சால் மரம் பூக்கும்போது வரும் சர்ஹூல் விழாவை ராஞ்சி நகரத் தெருக்களில் பெரும் ஊர்வலமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கிராமத்தில் தலைகுனியாமல் ஆடியவன் நகரத்துக்கு வந்ததும் தன் ஆட்டத்தை ஒளித்துவைத்த காலத்தை அவர் முடித்துவைத்தார். 1987-ல் சோவியத் நாட்டில் நடந்த இந்திய விழாவுக்குக் கலைக்குழுவோடு போனார். ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் குறித்த கூட்டங்களில் பேசினார். ஜார்க்கண்ட் தனி மாநிலக் கோரிக்கைக்கு அறிவுத்துணையாக நின்றார். அந்த மாநிலம் 2000 நவம்பர் 15-ல், பிர்சாவின் பிறந்தநாளில், உருவானது. 2010-ல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு மாநிலங்களவை. 2011 செப்டம்பரில் மறைந்தார். ஆடினால்தான் பிழைப்போம் என்ற பொருள்பட அவர் திரும்பத் திரும்பச் சொன்னதையே மேக்நாத்தும் பிஜு டோப்போவும் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்குத் தலைப்பாக்கினார்கள்: ‘நாச்சி சே பாஞ்சி’.

அவருடைய பாட்டு எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சோட்டா நாக்பூர் கிராமங்களில் அகாரா என்றொரு இடம் உண்டு. ஊர் நடுவில் மண் தரை, பக்கத்தில் மரம். மாலையில் கைகோத்து வட்டமாக நின்று ஆடுவார்கள், ஆடுகிறவர்களே பாடுவார்கள். பார்வையாளர் என்று தனியாக எவரும் இல்லை. பார்க்க வந்தவரும் சற்று நேரத்தில் வரிசையில் கைகோத்துவிடுவார். எதிரே யாருமில்லாத பாட்டு இது. எல்லாருடைய முகமும் வட்டத்தின் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. முண்டா முண்டாரியிலும் நாக்புரியிலும் கட்டிய பாட்டுகள் அந்த வட்டத்துக்குப் போனவை. வட்டத்துக்குள் போன பாட்டு மெல்ல ஆசிரியரின் பெயரை இழந்துவிடும். குணசேகரனின் புகழ்பெற்ற பாட்டில் சொல் வேறொருவருடையது, ஆனால் குரல் அவருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். முண்டாவின் பாட்டிலோ சொல்லும் மெட்டும் அவருடையவை. ஆடுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வட்டத்தைப் பற்றி இப்படி உருகி எழுதும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. அந்த வட்டத்துக்கு வெளியிலும் ஆள் உண்டு. சோட்டா நாக்பூர் ஊர்களில் மேளம் வாசிக்கும் காசி சமூகத்தார் பட்டியல் சாதியினர். ஆதிவாசி ஊரின் விழாவுக்கு வாசித்தும் அந்த ஊரின் குலங்களுக்குள் எண்ணப்படாதவர்கள். அந்தச் சமூகத்தில் சிம்டேகா பக்கம் பிறந்த முகுந்த் நாயக், முண்டாவோடு சேர்ந்து இயங்கிய நாக்புரிப் பாடகர், ஜூமர் ஆட்டக் கலைஞர், பாட்டுக் கட்டுபவர். 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார். முண்டாவின் வட்டமும் குணசேகரனின் சேரியும் சந்திக்கும் இடம் முகுந்த் நாயக்கின் வாழ்க்கைதான். தமிழில் அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும்.

குணசேகரனையும் முண்டாவையும் நெருங்கச்செய்வது எது என்று பலநாள் யோசித்தால், மேளம்தான் என்று தோன்றுகிறது. பறையை அடிப்பவர் எப்போது அடிக்கவேண்டும், யார் வீட்டுச் சாவுக்கு அடிக்கவேண்டும் என்பதை ஊர் முடிவு செய்தது. அடிக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் உதைபட்டார்கள், ஊர்விலக்குக்கு ஆளானார்கள். ஆகவே தலித் இயக்கங்களுக்குள்ளேயே பறையைத் தூக்கி எறியவேண்டும் என்றொரு குரல் நெடுங்காலம் ஒலித்தது. அதை மதிக்காமல் பேச எனக்கு மனம் வராது. குணசேகரனும் அவர் காலத்துக் கலைஞர்களும் வேறு வழியைத் தேர்ந்தார்கள். மேளத்தை வைத்துக்கொண்டார்கள், கட்டளையை மட்டும் மறுத்தார்கள். நானே முடிவு செய்த நாளில், நானே முடிவு செய்த மேடையில் அடிப்பேன் என்றார்கள். ஆதிவாசியின் மேளத்துக்கு நேர்ந்தது வேறு. அதைக் கொட்டச்சொல்லிக் கட்டளையிட்டவர்களைவிட நிறுத்தச்சொன்னவர்களே அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூருக்கு வந்த மிஷனரிகள் பலர் அகாராவின் இரவாட்டத்தை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. மதம் மாறியவர்கள் அதை விட்டுவிடவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பிறகு வந்த படிப்பாளிகளுக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது, அரசு விழாக்காரர்களுக்குக் குடியரசு நாள் அலங்காரமாகப் பட்டது. லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த பையன் சிகாகோ வரை போய்த் திரும்பி நகாராவைத் தோளில் மாட்டியது இவர்கள் அத்தனை பேருக்கும் சொன்ன பதில். ஒருவரிடம் அடி என்றார்கள், மற்றவரிடம் அடிக்காதே என்றார்கள். இரண்டு பேரும் மேளம் யாருடையது என்பதைத்தான் பேசினார்கள்.

இனி இந்த இருவரின் பாட்டையும் பாராடாங்குக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

குணசேகரனின் பாட்டுக்கு ஒரு எதிராளி வேண்டும், அவனுக்கொரு முகம் வேண்டும். இங்கே ஆண்டையும் இல்லை, ஊரும் சேரியும் இல்லை. ஆனால் கூலி வேலைக்கென்று ஒரு மக்களையே கப்பலில் ஏற்றிவந்து, வேலை முடிந்ததும் அவர்கள் குடியிருப்பை ஆக்கிரமிப்பு என்று எழுதிய நிர்வாகம் உண்டு. ராஞ்சிக்காரர்கள் தங்களைப் பட்டியல் பழங்குடியாக ஏற்கவேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். ஜார்க்கண்டில் முண்டாவாகப் பிறந்தவர் பழங்குடி. அவர் சித்தப்பாவின் வழியில் அந்தமானில் பிறந்தவர் இல்லை. இந்தக் கோரிக்கைக்குத் தேவைப்படும் பாட்டு அகாராவின் உட்புறம் பார்த்துப் பாடும் பாட்டன்று. அலுவலக வாசலில் நின்று, பதில் வரும்வரை நகராமல் பாடும் பாட்டு. மாரந்தையின் பாட்டுமுறையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இன்று பாராடாங்கின் ராஞ்சிக்காரர்கள்தான்.

முண்டாவின் பாட்டுக்கு மண் வேண்டும். முன்னோரைப் புதைத்த கல், கும்பிடும் சால் மரத்தோப்பு, தலைமுறைகளாக மிதித்து இறுகிய அகாராத் தரை. இந்த மண்ணில் முதலில் மிதித்த கால் ராஞ்சிக்காரருடையதன்று, தமிழருடையதும் அன்று. பாராடாங்கை ஒட்டிய காடு ஜாரவாக்களின் காடு. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் 1957-ல் அது பழங்குடிக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன் ஊடாகவே அந்தமான் நெடுஞ்சாலையைப் போட்டார்கள். அந்தச் சாலைக்காகக் காடு வெட்டிய கைகளில் ராஞ்சிக்காரரின் கைகள் உண்டு. தாய்நிலத்தில் காட்டை இழந்தவர்கள் இங்கே இன்னொருவரின் காட்டை வெட்டும் கூலிகளாக்கப்பட்டார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜாரவா பகுதிக்குள் செல்லும் சாலையை மூடச்சொன்னது. அதற்குப் பிறகும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

2012 ஜனவரியில் இங்கிலாந்தின் அப்சர்வர் வார இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களை, உணவைக் காட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு முன் ஆடச்சொல்கிறது ஒரு குரல். நாடு முழுக்க அதிர்ச்சி கிளம்பியது, அரசு விசாரணை கேட்டது, நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. எனக்கு அந்தச் செய்தி முண்டாவின் முழக்கத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஆடினால் பிழைப்போம் என்று அவர் சொன்னது தன் வட்டத்தில், தன் மாலைப்பொழுதில் ஆடுகிறவர்களைப் பார்த்து. சாலையோரத்தில் ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்காக ஆடவைப்பவன் அதே சொல்லைத் தனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்ள முடியும். முண்டாவின் நம்பிக்கையிலிருந்து மட்டும் இந்த அநியாயத்தை எதிர்கொள்ள முடியாது. அங்கே குணசேகரன் தேவைப்படுகிறார். சாவு வீட்டுப் பறைக்குக் கிடைக்கும் காசையும் கள்ளையும், அதோடு சேர்ந்து வரும் ஏவலையும் அறிந்த பாடகர் அவர். யார் சொல்லி ஆடுகிறார்கள், மறுத்தால் என்ன நடக்கும் என்ற இரண்டு கேள்விகளை அவர் மரபு நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

எது பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால், நிறுவனத்தைக் கட்டியதில் முண்டாவையும், ஒரு தலைமுறையின் கூச்சத்தைக் குரலால் உடைத்ததில் குணசேகரனையும் சொல்வேன். ஒன்பது மொழித்துறையைப்போல ஒன்றைக் குணசேகரனால் விட்டுச்செல்ல முடியவில்லை. தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்கள் நாட்டுப்புறவியலுக்குக் கொடுத்த இடம் கடைசி வரை ஓரத்து இடமாகவே இருந்தது. முண்டாவின் பாட்டோ ஜார்க்கண்டைத் தாண்டி அதே வீச்சோடு ஒலிக்கவில்லை. கைகோக்க ஆளில்லாத ஊரில் வட்டத்தின் பாட்டுக்கு வழியில்லை. பாராடாங்கில் கைகோக்க ஆள் இருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் தரையில்தான் சிக்கல்.

ராம் தயாள் முண்டாவால் தியூரியின் மண்ணை என்னுடையது என்று தயக்கமில்லாமல் பாட முடிந்தது. குணசேகரனால் மாரந்தையில் தன்னை அடித்தவர் யார் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. பாராடாங்கில் சாத்ரியில் ஒரு பாட்டுக் கட்டப்போகும் இளைஞருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. தாத்தா இழந்த காட்டையும் தாத்தா வெட்டிய காட்டையும் அவர் ஒரே மெட்டில் சொல்லியாக வேண்டும். பட்டா கேட்டு அரசிடம் பாடும் அதே மூச்சில், கேட்கும் நிலத்துக்கு அப்பால் யாருடைய காடு தொடங்குகிறது என்பதையும் பாடவேண்டும். நீலாம்பூர்க் கடைத்தெருவில் கடை போட்டிருக்கும் தமிழரின் பிள்ளை பாட்டுக் கட்டினாலும் இதே கடமைதான். தாத்தா காடு வெட்டியவராக இல்லாமல் இருக்கலாம். அவர் கடைக்குச் சரக்கு வருவது அந்தச் சாலையில்தான்.